முப்பதாம் பிரிவின் வாசகமும் அடிக்குறிப்பின் கடமையும்: கொல்லம் ஆண்டுச் சட்டங்களை மேற்கோள் காட்டும் முறை பற்றி

திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் முப்பதாம் பிரிவை ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட சட்டக் கட்டுரைகளில் அடிக்குறிப்பை மேலேயுள்ள வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஒரு முரண்பாடு புலப்படும். அடிக்குறிப்பு சுட்டுவது சட்டத்தை. கட்டுரையில் ஆளப்பட்டிருப்பதோ, 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவுக்குத் தந்த சுருக்கம். சட்டத்தைப் படித்ததாகச் சொல்லிக்கொண்டு தீர்ப்பைப் படித்திருக்கிறோம். இது எழுதியவரின் நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டன்று. கட்டுரைப் பிரதியைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் செப்பனிடும் வேலையை ஆராய்ச்சியின் புறத்தே வைத்துவிட்ட ஒரு மனோபாவத்தின் விளைவு என்றே கொள்ளுகிறேன்.

அந்த மனோபாவத்துக்கு நம்மிடையே கௌரவமான பரம்பரை ஒன்று உண்டு. வாதமே கட்டுரையின் உயிர் என்றும், மேற்கோட் குறிப்புகளின் வடிவம், ஆண்டுகளின் கணக்கு, அறிக்கைத் தொகுதிகளின் சுருக்கப் பெயர் ஆகியவையெல்லாம் அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய புளூபுக், ஆக்ஸ்போர்டின் ஆஸ்கோலா, நம் நாட்டில் இந்தியச் சட்ட நிறுவனம் தன் பத்திரிகைக்கு வகுத்த விதிகள் என்பவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பார்த்துப் பதிப்பாசிரியரின் உதவியாளர் முடித்துவிடக்கூடிய கைவேலை என்றும் அந்தப் பரம்பரை கருதி வந்திருக்கிறது. இங்கிலாந்துப் பொதுச்சட்டத்தின் வழக்குகளை மட்டும் எடுத்தாளும் கட்டுரைக்கு இக்கருத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஒரு சமஸ்தானத்தின் சட்டத்தை, அதிலும் கொல்லம் ஆண்டில் எண்ணிடப்பட்டு, பின்னர் இரண்டு மாநிலங்களுக்கும் இரண்டு உயர் நீதிமன்றங்களுக்கும் பங்கிடப்பட்ட ஒரு தேசத்தின் சட்டத்தை எடுத்தாளுபவருக்கு, வடிவத்தில் நேரும் பிழை பொருளிலேயே நேர்ந்த பிழையாகிவிடுகிறது என்பதே என் பக்ஷம். அதற்கு முப்பதாம் பிரிவு ஒன்றே போதிய சான்று.

சட்டத்தின் பொதுவிதிகளை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. மரணசாசனம் எழுதாது இறந்தவனுடைய விதவைக்கும் தாய்க்கும் இருபத்துநான்காம் பிரிவு ஆயுட்காலப் பாத்தியத்தை மட்டும் அளித்தது. அதுவும் மறுமணத்தோடு முடிந்துவிடும். இருபத்தெட்டாம் பிரிவு மகளுக்கு மகனோடு சமமான உரிமையை மறுத்து, மகனுடைய பங்கின் மதிப்பில் நாலில் ஒன்று அல்லது ரூ. 5,000, இவ்விரண்டில் எது குறைவோ அதை ஸ்திரீதனமாக வரையறுத்தது. இவை யாவரும் அறிந்தவை. யாவரும் அறியாதது, அல்லது அறிந்தும் எழுதாதது, இவற்றுக்கு முப்பதாம் பிரிவு செய்த விலக்கு.

அப்பிரிவு சொல்லுவது இது: லத்தீன் முறையைச் சார்ந்த ரோமன் கத்தோலிக்கருள் சில வகுப்பினருக்கும், கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய தாலுகாக்களிலும் மற்றத் தாலுகாக்களிலும் வாழும் புரொட்டஸ்டண்டுக் கிறிஸ்தவருள் சிலருக்கும், அவர்களுக்குள் ஆண் வாரிசும் பெண் வாரிசும் சமமாகப் பங்கு கொள்ளும் சம்பிரதாயம் இருக்குமாயின், 24, 28, 29 ஆகிய பிரிவுகள் செல்லா, அவர்களுள் ஆணும் பெண்ணும் சமபங்கே பெறுவர். தீர்ப்பு இதனைச் சுருக்குமிடத்தில் தாலுகாக்களின் பெயர்களை விட்டுவிட்டு, குறிப்பிட்ட சில தாலுகாக்களில் வாழும் புரொட்டஸ்டண்டுகள் என்ற பொருள்பட எழுதிச் சென்றது. வழக்கை முடிவு செய்ய அது போதும். தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாடக்கும் தீர்மானிக்க வேண்டியிருந்த வினா, 1951 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த ‘பி’ பகுதி ராஜ்யங்கள் (சட்டங்கள்) சட்டத்தால் திருவிதாங்கூர்ச் சட்டம் முழுவதும் ரத்தாயிற்றா, அல்லது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 29(2)ஆம் பிரிவு அதனைக் காப்பாற்றிற்றா என்பதே. ரத்தாயிற்று என்று முடிவு செய்தபின் அரசியல் சாசனத்தின் பதினான்காம் ஷரத்தைப் பற்றிய வாதத்தைக்கூட அவர்கள் தொடவில்லை; அவ்வாறிருக்க ஐந்து தாலுகாக்களின் பெயரை அவர்கள் எழுதியிருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்க முடியாது. பிழை நீதிமன்றத்தினுடையதன்று. ஒரு வினாவுக்காகச் செய்யப்பட்ட சுருக்கத்தைச் சட்டத்தின் வாசகமாகப் பாவித்து வேறொரு வினாவுக்குப் பயன்படுத்திய கட்டுரையாளருடையது.

சுருக்கத்தால் இழந்தவை இரண்டு. முதலாவது, ஊர். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், இன்றைய மாநில எல்லையை ஒட்டி, குன்னத்துக்கால் பஞ்சாயத்தில் உள்ள காரக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றியவரும் 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கு கொண்டவருமான டாக்டர் சாமர்வெல்லின் பெயரால் தென்னிந்தியத் திருச்சபை நடத்தும் மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. லண்டன் மிஷன் வழிவந்த புரொட்டஸ்டண்டு சமூகம் அந்த வட்டாரத்தில் எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. அச்சமூகத்தில் சமபங்குச் சம்பிரதாயம் நிலவிய குடும்பத்துப் பெண்ணுக்கு, மேரி ராய் தீர்ப்புக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, சட்டம் பெயர் சொல்லி ஆணுக்குச் சமமான பங்கை ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தீர்ப்பின் சுருக்கத்தை வைத்து எழுதப்பட்ட கட்டுரையில், ‘1986 வரையில் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண் மகனுடைய பங்கில் நாலில் ஒன்றோ ஐயாயிரமோ தான் பெற்றாள்’ என்ற பொதுவாக்கியம் தடையின்றி ஓடுகிறது. மத்தியத் திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து வழக்கம் ராஜ்யம் முழுவதன் வழக்கமாகிவிடுகிறது. தெற்கே இருந்த பெண்கள் சரித்திரத்திலிருந்தே நீங்கிவிடுகிறார்கள். ‘குறிப்பிட்ட சில தாலுகாக்கள்’ என்றால் எவை என்று வினவத் தோன்றாது. ‘நெய்யாற்றின்கரை’ என்ற பெயரைக் கண்டவனோ நின்று வினவாமல் போகமாட்டான்.

இரண்டாவது இழப்பு அதனினும் நுட்பமானது. என் கருத்தில் அதனினும் பெரிது. சட்டம் ஐந்து தாலுகாக்களைச் சொல்லி நிறுத்தவில்லை. ‘மற்றத் தாலுகாக்களிலும்’ என்று சேர்த்தது. சுருக்கம் அதனைக் ‘குறிப்பிட்ட சில’ என்று ஆக்கிற்று. திறந்திருந்த பட்டியல் அடைபட்டது. அடைபட்ட பட்டியலில் ஒருவன் விலக்குக்குள் வருகிறானா என்பதை அவனுடைய வசிப்பிடம் தீர்மானிக்கும். திறந்த பட்டியலிலோ அதனைத் தீர்மானிப்பது அவனுடைய சமூகத்தின் சம்பிரதாயம், இடம் அதற்கு ஒரு அடையாளம் மாத்திரமே. முதற்கூற்றின்படி விளவங்கோட்டுத் தாலுகாவிலுள்ள ஒரு லண்டன் மிஷன் குடும்பத்துக்கு வாதமே இல்லை. இரண்டாவதன்படி, சமபங்குச் சம்பிரதாயத்தை நிரூபித்தால் அக்குடும்பமும் முப்பதாம் பிரிவின் நிழலுக்கு வரலாம். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே அடுத்திருப்பது விளவங்கோடு. கல்யாண சம்பந்தமும் சபைத் தொடர்பும் தாலுகா எல்லையைப் பார்த்து நின்றுவிடுவதில்லை என்பதை அவ்வட்டாரத்தை அறிந்தவர் அறிவர்.

இதற்கு எதிராக ஒரு வியாக்கியானம் சொல்லப்படலாம். அதனை அலட்சியம் செய்வது முறையன்று. ‘மற்றத் தாலுகாக்கள்’ என்பது, முன் சொன்ன ஐந்தின் இனத்தைச் சேர்ந்த தாலுகாக்களையே தழுவும். பெயர் சொல்லப்பட்டவை யாவும் கருநாகப்பள்ளி தொடங்கி நெய்யாற்றின்கரை வரை கடற்கரையை அடுத்து வரிசையாக நிற்பவை. ஆகையால் சட்டம் வகுத்தவர் கருதியது தெற்கே நீண்ட இந்தக் கரைப்பகுதியைத்தான், உள்நாட்டையன்று என்பது அந்த வியாக்கியானம். இனவகை நியதி நம் நீதிமன்றங்கள் ஏற்ற நியதியே. எனினும் அதனைப் பிரயோகிக்க முன்வரும் பெயர்களில் ஒரு பொதுத்தன்மை புலப்பட வேண்டும். அந்தப் பொதுத்தன்மை கடற்கரை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சட்டமே சொன்ன பொதுத்தன்மை ஒன்றுதான்: ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு கொள்ளும் சம்பிரதாயம். அதைவிட்டு நாம் வேறொன்றை ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. இந்த வாதத்தை நடத்தி ஒருவர் தோற்கலாம், வெல்லலாம். நான் வற்புறுத்துவது வேறு. ‘மற்றத் தாலுகாக்களிலும்’ என்ற சொல்லே கட்டுரையில் இல்லாதபோது வாதம் தொடங்குவதற்கே இடமில்லாமல் போகிறது. ஒரு முப்புள்ளியோ ‘சில’ என்ற அடைமொழியோ ஒரு வழக்கைக் கேளாமலே தள்ளிவிடுகிறது.

இரு வகுப்பினரையும் பற்றிய நிறுத்தற்குறியும் இவ்வாறே ஆராயத்தக்கது. சம்பிரதாயம் என்ற நிபந்தனை லத்தீன் கத்தோலிக்கருக்கும் உரியதா, புரொட்டஸ்டண்டுகளுக்கு மட்டுமா என்பது வாக்கியத்தின் அமைப்பைப் பொறுத்தது. இருவருக்கும் உரியது என்பதே இயல்பான பொருள் என்று தோன்றுகிறது. அதை இங்கே மேலும் விரிக்கவில்லை.

இனி ஆண்டைப் பற்றி. இச்சட்டம் 1092ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில் ரெகுலேஷன் என்ற பெயரோடு வெளிவந்து, பின்னாளில் ஆக்ட் என்று பெயர் மாறியது. கொல்லம் ஆண்டு திருவிதாங்கூரில் சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்டு நடுவில் தொடங்குவது. ஆகையால் ஆண்டின் முற்பகுதிக்கு 824ம் பிற்பகுதிக்கு 825ம் கூட்டினாலன்றிக் கிறிஸ்து ஆண்டு கிடைக்காது. இயந்திரம் போல் 825 கூட்டினால் 1092 என்பது 1917 ஆகிவிடும். சட்டமோ 1916இல் பிறந்தது. இப்பிழையை அறிந்து திருத்துபவரும் அதற்கடுத்த பிழையில் விழுவதுண்டு: கொல்லம் ஆண்டை நீக்கிவிட்டு ‘1916ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘2’ என்ற எண் 1092 என்ற ஆண்டின் வரிசையில் அமைந்த எண். 1916க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் 1916ஆம் ஆண்டின் 2ஆம் சட்டத்தைத் தேடிப்போகும் மாணவன் ஐக்கிய மாகாண முனிசிபாலிட்டிகள் சட்டத்தில் போய் நிற்பான். காரக்கோணத்துப் பெண்ணின் தாயபாகத்தைத் தேடியவன் லக்னோவின் நகராட்சி விதிகளை வாசிக்க நேர்வது, ஒரு அடிக்குறிப்பின் தவறு எத்தனை தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் அளவு.

மாதத்தை விடுவதால் நேரும் தீங்கு இன்னும் கொடியது. நாம் எடுத்துக்கொண்ட சட்டமே அதற்கு உதாரணம் தருகிறது. திருவிதாங்கூர்ச் சட்டம் ரத்தான தினம் 1951 ஏப்ரல் 1. கொல்லக் கணக்கில் அது 1126ஆம் ஆண்டு மீன மாதத்தில் விழுகிறது. முப்பதாம் பிரிவின் விலக்குக்கு வெளியே உள்ள ஒரு குடும்பத்தில் தகப்பன் 1126 துலாம் மாதத்தில் இறந்தான் என்று பாகபத்திரம் சொல்லுமாயின், அது 1950ஆம் ஆண்டின் அக்டோபர், நவம்பர்க் காலம், இருபத்தெட்டாம் பிரிவு செல்லும், மகளுக்கு ஸ்திரீதனமே. அதே 1126இல் மேட மாதத்தில் இறந்தான் என்றால், 1951 ஏப்ரல் நடுவுக்குப் பின். இந்திய வாரிசுரிமைச் சட்டம் செல்லும். மகளும் மகனும் சமம். இரண்டு மரணத்துக்கும் ஆண்டு 1126; கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுபவருக்கு இரண்டும் 1951. அப்பிரதியை வைத்து வாதிடுபவர் 1126 துலாம் மாதத்தை 1951 அக்டோபராகக் கொண்டு ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தவறான சட்டத்தின்கீழ்ப் பங்கிட்டுவிடுவார். இத்தகைய பத்திரங்கள் எல்லையின் இருபுறமும் இன்றும் உயிருள்ள ஆவணங்கள். நிலத்தின் மூலம் காட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து வெளியே வருபவை.

எல்லை என்றேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே சட்டத்தை இரண்டு உயர் நீதிமன்றங்கள் தனித்தனியே வியாக்கியானம் செய்யலாயின. சென்னையில் தனி நீதிபதி ஒருவர் சட்டம் ரத்தாயிற்று என்றார் (1974, 1 எம்.எல்.ஜே. 53), இருநீதிபதி அமர்வு அதனை மறுத்துச் சட்டம் உயிரோடிருப்பதாகச் சொல்லிற்று (ஏ.ஐ.ஆர். 1978 மதராஸ் 66). மேரி ராய் தீர்ப்பு வெளிவந்தபோது பாறசாலைக்கு மேற்கிலும் களியக்காவிளைக்குக் கிழக்கிலும் ஒரே நாளில் ஒரே சட்டமாயிற்று. ஆகையால் இச்சட்டத்தைப் பற்றி எழுதுபவர், தாம் சுட்டும் தீர்ப்பு எந்த நீதிமன்றத்தினுடையது, எந்த ஆண்டினுடையது, அவ்வாண்டில் எந்தத் தாலுகா எந்த மாநிலத்தில் இருந்தது என்பவற்றை அடிக்குறிப்பிலேயே காட்டினாலன்றி வாசகருக்கு வழி தெரியாது. தாலுகாக்களும் நிலையாக இருப்பன அல்ல: 1092இன் நெய்யாற்றின்கரை இன்றைய நெய்யாற்றின்கரையன்று, 2014இல் அதிலிருந்தும் நெடுமங்காட்டிலிருந்தும் பகுதிகள் பிரிந்து காட்டாக்கடைத் தாலுகா அமைந்தது.

சில ஆட்சேபங்களுக்குச் சுருக்கமாக விடை சொல்லலாம். ரத்தான சட்டத்தின் வாசகத்துக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்பார் உளர். 1951 ஏப்ரல் 1க்கு முந்திய மரணங்களுக்கு அது ரத்தாகவில்லை என்பதே விடை. கேரளத்துக்கும் குமரிக்கும் வெளியே உள்ள வாசகருக்குக் கொல்லம் ஆண்டு விளங்காது என்பது மற்றொன்று. அதற்காகவே கொல்லம் ஆண்டை முன்னும் கிறிஸ்து ஆண்டைப் பிறை அடைப்பிலும் தர வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் சுருக்கம் ஆதாரமாகாதா என்பார்க்கு, அது தீர்ப்புக்கு ஆதாரம், சட்டத்துக்கன்று என்று சொல்லி அமைகிறேன்.

இவற்றிலிருந்து ஒரு முறை தானே பெறப்படுகிறது. சமஸ்தானச் சட்டத்தின் ஒரு பிரிவைக் கட்டுரையில் எடுத்தாளும்போது, ஆசிரியர் தாம் அதனை எங்கே வாசித்தார் என்பதை அப்படியே சொல்ல வேண்டும்: ரெகுலேஷன் தொகுதியிலா, அரசிதழிலா, தீர்ப்பிலா. தீர்ப்பில் வாசித்தால் ‘மேரி ராய் தீர்ப்பில் சுருக்கித் தரப்பட்டவாறு’ என்று எழுதி அத்தீர்ப்பையே சுட்ட வேண்டும், அதுவும் ஏ.ஐ.ஆர். 1986 எஸ்.சி. 1011, (1986) 2 எஸ்.சி.சி. 209, (1986) 1 எஸ்.சி.ஆர். 371 என்று மூன்று அறிக்கைகளிலும் இருப்பதால், ஒன்றையே கட்டுரை முழுதும் கொண்டு பத்தி எண்ணோடு தருவது நலம். 2023 முதல் உச்ச நீதிமன்றம் வழங்கிவரும் நடுநிலை மேற்கோள் எண்கள் தீர்ப்புகளைத் தேடுவதில் இச்சிரமத்தைக் குறைத்திருக்கின்றன. பழைய சமஸ்தானச் சட்டங்களுக்கு அவற்றால் பயனில்லை. சட்டத்தின் எண்ணைக் கொல்லம் ஆண்டோடு ‘1092இன் 2ஆம் சட்டம் (1916)’ என்றே எழுத வேண்டும். இடப்பெயர்களை விடலாகாது. சம்பிரதாயத்தை ஆதாரமாகக் கொள்ளும் பிரிவாயின் அச்சம்பிரதாயத்துக்கு அரசே திரட்டிய சாட்சியத்தை, இங்கே சட்டத்துக்கு முன் திருவிதாங்கூர் அரசு அமைத்த கிறிஸ்தவக் கமிட்டியின் அறிக்கையைத் தனியே காட்ட வேண்டும். சட்டத்தைக் காட்டி அறிக்கையைக் காட்டியதாகக் கருதலாகாது.

பத்திரிகைகளின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று தங்கள் மேஜைக்கு வருமாயின், வாதத்தைத் தேர்வாளருக்கு அனுப்புமுன் முப்பதாம் பிரிவைச் சுட்டும் அடிக்குறிப்பைப் பாருங்கள். கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை என்ற ஐந்து பெயர்களும், அவற்றை அடுத்து ‘மற்றத் தாலுகாக்களிலும்’ என்ற சொல்லும் பிரதியில் இல்லையேல், அதனை ஆசிரியருக்கே திருப்பி அனுப்புங்கள்.